செவ்வெழுத்தும் சிறு கொப்புளமும்
பாலுறுப்பு ஹேர்ப்பீஸ் நோயுடன் வாழ்தல் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

நோய்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கிருமிகளின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். நோயுற்ற மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர், எதற்கு அஞ்சினர், யாரிடம் மறைத்தனர், யாரிடம் கூறினர் என்னும் வினாக்கள் மருத்துவ நூல்களின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இவ்வினாக்கள் இலக்கிய மாணவருக்கு அந்நியமானவையல்ல. மனிதர் தம் அனுபவத்தைக் கூற எச்சொற்களைப் பெறுகின்றனர், அச்சொற்கள் எச்சமூக நிலைமைகளிற் பிறந்தன என்று ஆராய்வது எமது துறையின் பணிகளுள் ஒன்றாகும். அவ்வகையிற் பாலுறுப்பு ஹேர்ப்பீஸ் என்னும் நோயையும், அதனுடன் வாழும் முறைமையையும் இங்கு நோக்க முனைகின்றோம்.

இந்நோயினால் வரும் துன்பம் இரு கூறுகளைக் கொண்டது. ஒன்று வைரசினால் வருவது. அது வரையறைக்குட்பட்டது, பெரும்பாலோரிடத்துக் காலப்போக்கிற் குறைவது, மருந்துக்குக் கட்டுப்படுவது. மற்றையது இழிவுணர்வினால் வருவது. அது வரலாற்றின் ஒரு குறித்த கட்டத்தில், குறித்த சமூக நிலைமைகளில் வலுப்பெற்றது. அதற்கு மருந்துக்கடையில் மாத்திரையில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிந்துகொள்ளலே இந்நோயுடன் வாழக் கற்றலின் முதற்படி என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

நோயின் இயல்பு

ஹேர்ப்பீஸ் என்னும் சொல், ஊர்தல் என்னும் பொருள்தரும் கிரேக்க வினையடியிலிருந்து வந்தது. தோலில் ஊர்ந்து பரவுவனபோலத் தோன்றிய பலவகைப் புண்களையும் பண்டைய வைத்தியர் இப்பெயராற் சுட்டினர். பாலுறுப்பில் தோன்றும் ஹேர்ப்பீஸ் பற்றிய தெளிவான விவரணம், பிரெஞ்சு வைத்தியர் ஜான் அஸ்திரக் 1736இல் வெளியிட்ட நூலிற் காணப்படுகின்றது. நோயை விளைவிக்கும் ஹேர்ப்பீஸ் சிம்பிளெக்ஸ் வைரசு இருவகைப்படும் என்பது 1960களில் நிறுவப்பட்டது. எமது வழக்கில் அக்கி எனப்படுவது பெரும்பாலும் இதே வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனாற் கொப்புளிப்பானை உண்டாக்கும் வேறொரு வைரசினால் வருவதாகும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் பொருந்தாது.

முதலாம் வகை வைரசு பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், எச்சிலின் வழியாகவும் முத்தத்தின் வழியாகவும் தொற்றி வாயோரத்திற் கொப்புளங்களைத் தோற்றுவிப்பது. இரண்டாம் வகை பெரும்பாலும் பாலுறவின் வழியாகத் தொற்றுவது. ஆயினும் இப்பாகுபாடு இறுக்கமானதன்று. வாய்வழிப் பாலுறவினால் முதலாம் வகையும் பாலுறுப்பை அடைகின்றது. செல்வ நாடுகளில் வாழ்க்கை வசதிகள் பெருகியதோடு குழந்தைப் பருவத்தில் இத்தொற்றைப் பெறுவோர் தொகை குறைந்தது. அதனால் எதிர்ப்புச் சக்தியின்றியே வாலிபப் பருவத்தை அடைவோரிடத்துப் பாலுறுப்பில் முதலாம் வகை தொற்றுதல் அதிகரித்துள்ளது. ஒரு வைரசின் போக்குக்கூட வீட்டின் வசதிகளோடும் குடும்பத்தின் பொருளியல் நிலையோடும் தொடர்புற்றிருப்பதை இஃது உணர்த்தும்.

தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ 2 முதல் 12 நாட்களுள் முதற்றாக்கம் தோன்றலாம். சிறு கொப்புளங்கள், அவை உடைந்த புண்கள், காய்ச்சல், கவட்டில் நெறி கட்டுதல், சிறுநீர் கழிக்கையில் எரிவு என்பன இதன் குறிகளாம். புண்கள் 2 முதல் 4 வாரங்களில் ஆறிவிடும். வைரசு அழிவதில்லை. அது நரம்பின் வழியே சென்று, முள்ளந்தண்டின் அடிப்பகுதிக்கு அண்மையிலுள்ள நரம்புக் கணுக்களில் உறங்குநிலையில் தங்கிவிடுகின்றது. இடையிடையே விழித்து மீண்டும் தோலை நோக்கி வருகின்றது. மீள்தாக்கங்கள் முதற்றாக்கத்தைவிடக் குறுகியவை, வேதனை குறைந்தவை. இரண்டாம் வகையாயின் முதலாண்டில் ஏறத்தாழ நான்கு முறையும், முதலாம் வகையாயின் ஏறத்தாழ ஒரு முறையும் மீளக்கூடும். ஆண்டுகள் செல்லச்செல்ல இவை அருகி வருவதே பொது வழக்காகும்.

தொற்றுற்றோருட் பெரும்பாலோர் தமக்குத் தொற்றுண்டு என்பதையே அறியார். சிலரிடத்து எவ்விதக் குறியும் தோன்றுவதில்லை. வேறு சிலர் சிறு கீறலென்றோ பூச்சிக்கடியென்றோ எண்ணிவிடுவர். புண் இல்லாத நாட்களிலும் வைரசு தோலில் வெளிப்படக்கூடும் ஆதலால், பெரும்பாலான தொற்றுகள் அறியாமையிலேயே நிகழ்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் 15 முதல் 49 வயது வரையானோருள் 846 மில்லியன் மக்கள் பாலுறுப்பு ஹேர்ப்பீஸ் தொற்றுடன் வாழ்ந்தனர். அதாவது அவ்வயதினருள் ஐவருள் ஒருவருக்கு மேற்பட்டோர். 50 வயதுக்குட்பட்டோருள் 3.8 பில்லியன் மக்களிடம் முதலாம் வகை வைரசு காணப்பட்டது. இத்துணை பரவலான ஒன்றை ஒரு சில ஒழுக்கக் கேடரின் நோய் எனக் கருதுவதற்கு இடமேயில்லை.

இங்கு ஒரு முரண்பாடு தெளிவாகின்றது. வாயோரத்திற் கொப்புளம் தோன்றியவர் அதனைக் காய்ச்சற்புண் என்று கூறிவிட்டுத் தொழிலுக்குச் செல்கின்றார். அதே முதலாம் வகை வைரசு பாலுறுப்பிற் காணப்படின் அவர் தம் வாழ்வே முடிந்துவிட்டதென எண்ணுகின்றார். வைரசு ஒன்றே, கொப்புளம் ஒன்றே, உடலில் அது தோன்றும் இடமே வேறு. உடலின் ஒரு பகுதிக்கு மாத்திரம் உரியதாகக் காணப்படும் இவ்வெட்கம் உயிரியலிலிருந்து வருவதன்று. அதன் ஊற்றைச் சமூக வரலாற்றிலேயே தேடவேண்டும்.

இழிவின் வரலாறு

பாலியல் நோய்கள் பலவற்றோடும் பழியுணர்வு நெடுங்காலமாகச் சேர்ந்தே வந்துள்ளது. ஆயினும் ஹேர்ப்பீஸுக்கென ஒரு தனி அச்சம் உருவான வரலாற்றை ஐக்கிய அமெரிக்காவின் 1970களிலும் 1980களிலும் தெளிவாகக் காணலாம். 1940களிற் பெனிசிலின் பரவலாக வழக்குக்கு வந்தபின் சிபிலிசு, கொனோறியா ஆகியன மாற்றக்கூடிய நோய்களாயின. 1960இற் கருத்தடை மாத்திரைக்கு அங்கு அனுமதி கிடைத்தது. பெண்கள் பெருந்தொகையாகக் கூலியுழைப்பிலும் உயர்கல்வியிலும் புகுந்த காலமும் அதுவே. பழைய குடும்ப ஒழுக்கத்தைக் காத்துநின்ற இரு அச்சங்கள், நோயும் வேண்டாத கருப்பமும், வலுவிழந்தன. இம்மாற்றங்களை ஏற்க மனமற்றோர் 1970களின் இறுதியில் அரசியற் பலம் பெற்றனர். 1980 சனாதிபதித் தேர்தலில் றொனால்ட் றேகன் பெற்ற வெற்றியில் அப்பலம் வெளிப்பட்டது.

அவ்வேளையில் மாற்றமுடியாத ஒரு பாலியல் நோய் கைவசம் இருந்தமை அக்கருத்துநிலைக்கு வாய்ப்பாயிற்று. 1982 ஆகஸ்ட் 2ஆம் திகதிய ரைம் சஞ்சிகை ஹேர்ப்பீஸைத் தன் அட்டைப்படக் கட்டுரையாக்கியது. நதானியல் ஹோதோர்ண் 1850இல் வெளியிட்ட நாவலிலிருந்து செவ்வெழுத்து என்னும் படிமத்தை எடுத்து, இந்நோயை இக்காலத்தின் செவ்வெழுத்து எனப் பெயரிட்டது. பதினேழாம் நூற்றாண்டின் பொஸ்ரனில், தூய்மைவாதச் சமூகம், மணவாழ்க்கைக்குப் புறம்பாகக் குழந்தை பெற்ற ஹெஸ்ரர் பிறின் என்னும் பெண்ணின் நெஞ்சில் அணிவித்த தண்டனைக் குறியே அவ்வெழுத்து. ஒரு வைரசு இவ்வாறு ஒரு தீர்ப்பாக மாற்றப்பட்டது. நோயை உருவகமாக்கும்போது நோயாளருக்கு விளையும் தீங்கு பற்றிச் சூசன் சொன்ராக் 1978இலேயே நூல் எழுதியிருந்தார். அவர் அந்நூலிற் காசநோயையும் புற்றுநோயையும் முதன்மையாக எடுத்துக்கொண்டார். அவரது முறைமை ஹேர்ப்பீஸுக்கும் முற்றிலும் பொருந்துவது.

இப்பழியின் சுமை எல்லோர்மீதும் சமமாக விழவில்லை என்பதும் மனங்கொளத்தக்கது. 2016ஆம் ஆண்டுக்கான உலகச் சுகாதார நிறுவன மதிப்பீட்டில் இரண்டாம் வகைத் தொற்றுடைய பெண்கள் 313 மில்லியன். ஆண்கள் 178 மில்லியன். ஆணிடமிருந்து பெண்ணுக்கு வைரசு எளிதிற் செல்வதே இதற்கு முதன்மைக் காரணம். உயிரியல் முறையிற் பெண்ணே எளிதிற் பாதிக்கப்படுகின்றாள். சமூகமோ பரப்பியவளாக அவளையே காண்கின்றது. தொற்று மிகுதியாகவுள்ள பிராந்தியம் ஆபிரிக்கா. ஆனால் 1980களின் சஞ்சிகைகளிற் பெரிதும் பேசப்பட்டோர் அமெரிக்க நகரங்களின் மத்தியதர வர்க்கத்தினர். யாருடைய துன்பம் செய்தியாகின்றது என்பதும் வர்க்க நிலைப்பட்ட ஒன்றேயாம்.

மருந்தும் சந்தையும்

இழிவுணர்வை மருந்து நிறுவனமே திட்டமிட்டுப் படைத்தது என்னும் கருத்து அவ்வப்போது கூறப்படுகின்றது. முதலாளித்துவச் சந்தையை விமர்சிக்கும் எம்போன்றோருக்கு அது கவர்ச்சியானது. எனினும் வரலாற்றின் காலவரன்முறை அதற்கு முழுமையாக இடந்தருவதாயில்லை. பறோஸ் வெல்கம் நிறுவனத்தின் அசைக்குளோவிர் களிம்பு அமெரிக்காவில் 1982இலும், வாய்வழி மருந்து 1985இலும் அனுமதி பெற்றன. ஹேர்ப்பீஸ் நோயாளருக்கான சுயவுதவித் திட்டத்தை அமெரிக்கச் சமூகச் சுகாதாரச் சங்கம் 1979இலேயே தொடங்கிவிட்டது. மருந்து வருவதற்கு முன்னரே, தம் வேதனையைப் பகிர்ந்துகொள்ள மக்கள் ஒன்றுகூட வேண்டிய நிலை இருந்தது. சந்தை இழிவைப் படைத்தது என்பதைவிட, இருந்த இழிவை அது தனக்குப் பயன்படுத்திக்கொண்டது என்பதே பொருத்தமாகும். பிற்காலத் தொலைக்காட்சி விளம்பரங்கள் அச்சத்தை நீக்குவதாகக் கூறிக்கொண்டே மருந்தை விற்றன.

இதனால் மருந்தின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலாகாது. அசைக்குளோவிர் வைரசு புகுந்த உயிரணுக்களிலேயே, வைரசின் நொதியத்தினாலேயே செயலூக்கம் பெறுகின்றது. தொற்றுறாத உயிரணுக்களை அது பெரும்பாலும் தீண்டுவதில்லை. இவ்வாராய்ச்சியில் முக்கிய பங்குகொண்ட ஜேர்ட்றூட் எலியன் அம்மையார் 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார். பெண் என்பதனால் இளமையில் ஆய்வுகூட வேலைகள் மறுக்கப்பட்டவர் அவர். 1997இல் அமெரிக்காவில் அசைக்குளோவிரின் காப்புரிமை முடிவுற்றதும் பல உற்பத்தியாளரும் அதனைத் தயாரிக்கத் தொடங்கினர். விஞ்ஞானம் கண்டுபிடித்தது எளியோருக்கு எட்டுவதற்கு உடைமையுறவு மாறவேண்டியிருந்தது.

1979இன் சுயவுதவித் திட்டம் வேறொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. அதனைத் தொடங்கிய சங்கம் 1914இற் சமூகத் தூய்மைச் சங்கம் என்னும் பெயருடன், ஒழுக்கப் பிரசாரத்தையும் நோய்த் தடுப்பையும் ஒருங்கே மேற்கொண்டு எழுந்தது. அதே சங்கம் நோயாளருக்கெனச் செய்தி மடல் வெளியிட்டது. நகரங்கள்தோறும் அவர்கள் கூடியிருந்து பேச வழிவகுத்தது. அங்கு கூடியோர் முதலிற் கண்டுகொண்டது தம்மைப்போன்றோர் பலர் உளர் என்பதையாகும். தனிமனிதனின் குற்றமாகத் தோன்றியது பலருக்கும் பொதுவான நிலைமையாகத் தோற்றமளிக்கத் தொடங்கும் அக்கணத்திலேயே இழிவின் பிடி தளர்கின்றது.

அன்றாட வாழ்க்கை முறைமை

நோயுடன் வாழ்தலின் நடைமுறை அம்சங்களை இனி நோக்குவோம். முதலிற் செய்யவேண்டியது நோயை உறுதிசெய்தலாகும். புண் புதிதாக இருக்கும்போதே வைத்தியரிடம் காட்டி, அதிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதித்தல் சிறந்தது. எவ்விதக் குறியுமற்றோருக்கு இரத்தப் பரிசோதனை தவறான முடிவுகளைத் தரக்கூடும். ஆதலால் அத்தகையோரைப் பொதுவாகப் பரிசோதிப்பதை அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் செயலணி 2016இலும் 2023இலும் பரிந்துரைக்கவில்லை. இரண்டாம் வகைத் தொற்றுடையோர்க்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்காவதால், ஏனைய பாலியற் றொற்றுகளுக்கான பரிசோதனையையும் உடன் செய்துகொள்ளல் நன்று. எமது நாட்டின் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் மிகுதியாகப் பதிவாகும் நோய்களுள் இதுவும் ஒன்று. அங்கு சிகிச்சை கட்டணமின்றியும் இரகசியம் பேணியும் வழங்கப்படுகின்றது.

முதற்றாக்கத்தின்போது மருந்தை விரைவில் தொடங்குவது துன்பக் காலத்தைக் குறைக்கும். இளஞ்சூட்டு நீரில் இடுப்பளவு அமர்ந்திருத்தல், அந்நீரில் இருந்தவாறே சிறுநீர் கழித்தல், தளர்வான பருத்தி உள்ளாடை அணிதல், சாதாரண வேதனை நிவாரணி உட்கொள்ளல் என்பன ஆறுதல் தரும். புண்ணைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்; கழுவாத கையாற் கண்ணைத் தொடலாகாது. சிறுநீர் முற்றாகத் தடைப்படின், அல்லது கடுந்தலையிடியும் கழுத்து விறைப்பும் தோன்றின் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மலசலகூட இருக்கையினாலோ ஒரே குளத்தில் நீராடுவதனாலோ இந்நோய் பரவும் என அஞ்சவேண்டியதில்லை. வீட்டாரிடமிருந்து தட்டையும் துவாயையும் ஒதுக்கிவைத்துத் தம்மைத் தாமே தீண்டத்தகாதோராக்கிக்கொள்ளும் வழக்கத்திற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை.

மீள்தாக்கத்திற்குச் சில மணி நேரம் அல்லது ஓரிரு நாள் முன்னர், அவ்விடத்திற் கூச்சமோ எரிவோ காலிற் குத்துவலியோ தோன்றுவதைப் பலர் உணர்வர். இம்முன்குறியை அறிந்துகொள்ளல் முக்கியமானது. அந்நேரத்தில் மருந்தைத் தொடங்கின் தாக்கம் குறுகும். அந்நேரம் முதற் புண் முற்றாக ஆறும்வரை பாலுறவைத் தவிர்ப்பின் துணைக்கும் பாதுகாப்பாகும். அடிக்கடி மீள்தாக்கம் உறுவோர் வைத்தியரின் ஆலோசனைப்படி நாள்தோறும் மருந்து உட்கொள்ளலாம். இம்முறை மீள்தாக்கங்களை 70 முதல் 80 வீதம் வரை குறைக்கவல்லது. 1,484 இணைகளைக் கொண்டு நடைபெற்று 2004இல் வெளியான ஆய்வில், தொற்றுடையவர் நாள்தோறும் வலசைக்குளோவிர் உட்கொண்டமையால் துணைக்கு இரண்டாம் வகை தொற்றும் வாய்ப்பு 48 வீதம் குறைந்தது. ஆணுறை முழுக் காப்பு அளிக்காவிடினும் ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கும். தடுப்பூசி இன்னும் வழக்குக்கு வரவில்லை.

பலரை வாட்டும் மற்றொரு கவலை பிள்ளைப்பேறு பற்றியது. பிறக்கும் குழந்தைக்குத் தொற்று ஏற்படின் அது கடுமையானது; ஆயினும் அரிதானது. கருப்பத்தின் இறுதி மாதங்களிற் புதிதாகத் தொற்றுற்ற தாயிடமே ஆபத்து மிகுதி. முன்னரே நோயுடன் வாழ்ந்துவரும் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகச் சிறியது. இறுதி வாரங்களில் மருந்து உட்கொள்ளலும், பிரசவ வேளையிற் புண் காணப்படின் சத்திரசிகிச்சை மூலம் குழந்தையை வெளிக்கொணர்தலும் அதனை மேலும் குறைக்கும். எனவே வைத்தியரிடம் மறைக்காமையே தாய் தன் குழந்தைக்குச் செய்யும் முதற் காப்பு.

கூறுதலும் மறைத்தலும்

நோயுற்றோர் யாவரையும் வருத்தும் வினா, துணையிடம் கூறுவதா மறைப்பதா என்பதாகும். சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன் 1963இல் வெளியிட்ட நூலில் இழிவுக்குள்ளானோரை இருவகையாகப் பிரித்தார். ஒருவகையினரின் குறி பிறர் கண்ணுக்குத் தெரிவது. மற்றைய வகையினரின் குறி மறைந்திருப்பது. முன்னையோர் பிறரின் பார்வையைச் சமாளிக்கின்றனர். பின்னையோர் தம்மைப் பற்றிய தகவலைச் சமாளிக்கின்றனர். இப்பாகுபாட்டோடு ஹோதோர்ணின் நாவலை மீண்டும் நோக்கின், சஞ்சிகையாசிரியர் தாம் எடுத்தாண்ட படிமத்தைச் சரியாக வாசிக்கவில்லை என்பது புலனாகும். ஹெஸ்ரரின் எழுத்து ஊரறிந்தது. ஹேர்ப்பீஸ் நோயாளரின் நிலையோ, அக்குழந்தையின் தந்தையாக இருந்தும் அதனை மறைத்து, மறைத்தலினாலேயே உருக்குலைந்து மாயும் டிம்ஸ்டேல் போதகரின் நிலைக்கு அண்மையானது. அந்நாவலில் உயிரைக் கொல்வது குறியன்று, தனிமையே.

கூறுதலுக்கு அறநியாயம் மாத்திரமன்றி மருத்துவ நியாயமும் உண்டு. துணையிடமிருந்து இத்தகவலை அறிந்திருந்தோர்க்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு, அறியாதிருந்தோரின் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது என 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அறிந்த இருவர் கூடித் தீர்மானிக்கின்றனர். புண்ணுள்ள நாட்களைத் தவிர்க்கின்றனர். மற்றவருக்கும் தெரிந்து தெரிவுசெய்யும் உரிமை உண்டு என்பதே இதன் அடிப்படை. கூறுவதற்கு நெருக்கம் மிகுந்த கணம் உகந்ததன்று; அமைதியான வேறொரு பொழுது வேண்டும். குற்ற ஒப்புதல் போலன்றி, அறிந்த செய்திகளை நிதானமாகக் கூறுவதும், மற்றவர் சிந்திக்க அவகாசம் அளிப்பதும் நலம். மறுப்பவரும் இருக்கக்கூடும். அம்மறுப்பு அவரது அச்சத்தின் அளவைக் காட்டுமேயன்றி நோயுற்றவரின் மதிப்பை அளந்துவிடாது.

திருமண வாழ்விலுள்ளோர் குறிப்பாக ஒன்றை அறிதல் வேண்டும். வைரசு பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முதன்முறையாகக் குறி காட்டக்கூடும். ஆகவே இன்று தோன்றிய புண், அண்மையில் நிகழ்ந்த துரோகத்துக்குச் சான்றாகாது. யாரிடமிருந்து, எப்போது என்று நிறுவுவதும் பெரும்பாலும் இயலாது. இவ்வறிவு இல்லாமையாற் சந்தேகம் எழும்போது, சொத்தும் வருமானமும் கணவனிடத்தே இருக்கும் குடும்ப அமைப்பில், தண்டிக்கப்படுபவள் மனைவியாகவே இருப்பாள்.

முடிவுரை

நோய் கண்டறியப்பட்ட முதன் மாதங்களில் மனச்சோர்வும் கோபமும் எழுதல் இயல்பே. நம்பிக்கைக்குரிய ஒருவரிடமேனும் பேசுவதும், தேவையேற்படின் உளவள ஆலோசனை பெறுவதும் மருந்துக்கு நிகரான அவசியங்களாகும். ஆனால் இவற்றை முற்றிலும் தனிமனிதரின் மனவுறுதிக்கு விட்டுவிடல் முறையன்று. பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் பாலியற் கல்வி, தீர்ப்புக் கூறாத சிகிச்சை நிலையம், எட்டக்கூடிய விலையில் மருந்து, தாய்மொழியில் வெளிப்படையான சொற்கள் ஆகியன சமூகம் வழங்கவேண்டியவை. இவற்றுட் கடைசியது மொழியோடு தொழில்புரியும் எம்மீது சார்ந்த பொறுப்பாகும். இடக்கரடக்கல் என்னும் போர்வையில் நாம் சொல்லாது விடுபவை, ஒருவர் வைத்தியரிடம் தம் நோயைச் சொல்ல இயலாத ஊமைத்தனமாக முடிகின்றன.

ஹோதோர்ணின் நாவலிற் காலம் செல்லச்செல்ல அவ்வெழுத்தின் பொருள் மாறுகின்றது. ஹெஸ்ரர் தைத்துப் பிழைக்கின்றாள். நோயுற்றோர் வீட்டுக்குச் சென்று பணிபுரிகின்றாள். அவ்வெழுத்து ஆற்றலுடையவள் என்பதைக் குறிப்பதாக ஊரார் சிலர் கூறத் தொடங்குகின்றனர். குறியை இட்ட சமூகமே அதன் பொருளை மாற்றிக்கொள்ளவும் கூடும் என்பதை அவளது உழைப்பு காட்டுகின்றது. வைரசை நரம்புக் கணுவிலிருந்து அகற்றும் வழியை விஞ்ஞானம் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றது. அதன்மீது ஏற்றப்பட்ட பொருளை அகற்றுதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.